பழைய ஓம்னி வேனில் எஞ்சின் சூடேறுதல்

மாருதி ஓம்னி 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் அறிமுகமாகி, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட சிறு வேன் ஆகும். இதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ளது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்து, குடும்பத்தோடு வெளியூர் செல்ல விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்றும் பலர் இதை வைத்திருக்கின்றனர். வண்டி பழசாகும்போது வரும் முக்கியக் கோளாறு எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது. சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பழுதான பாகத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அமாவாசை அன்று மேல்மலையனூர் கோயில் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முள் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். மெதுவாகச் செல்லும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது அதுதான். விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துச் சுழன்றால், மோட்டார் நன்றாக உள்ளது. ஃபியூஸ், வயர், வெப்ப சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

மாறாக, ஜி.எஸ்.டி. சாலையில் சீராக ஓடும்போது சூடேறினால் விசிறி காரணமன்று, எதிர்க்காற்றே போதும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். நம் பகுதியில் இதற்கு முதற்காரணம் போர் தண்ணீர். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் சூட்டில் சிதைந்து உப்புப் படிவாகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. வண்டியை நிறுத்திச் சற்று ஆறியபின் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால், அடைபட்ட பகுதி மட்டும் குளிர்ந்திருக்கும்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டருக்குச் செல்லும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் வால்வு திறக்க வேண்டும். சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிடுவார்கள். இது வைத்தியமன்று, எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகி, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

வெளியே கசிவின்றி நீர் குறைவது, ஆயில் பால்போல் வெளுப்பது, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் நீரில் தொடர்ந்து குமிழி வருவது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதன் அறிகுறிகள். அலுமினிய ஹெட் சூட்டில் எளிதில் வளைந்துவிடும். எனவே முள் சிவப்பைத் தொட்டபின் ‘அடுத்த ஊர் வரை போகலாம்’ என்று ஓட்டுவது பெருஞ்செலவில் கொண்டுவிடும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தைத் தாங்குவதால், உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, நீர் குபீரெனக் கொதித்து முகத்தில் பாயும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, தடித்த துணியை மூடிமேல் போட்டு மெல்லத் திருக வேண்டும். பின் எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றினால் உள்ளே காற்று அடைக்காது. கூலண்ட் கிடைக்காத இடத்தில் ஆர்.ஓ. கேன் தண்ணீரை ஊற்றலாம். அதில் உப்பு குறைவு.