ஐசியு நர்ஸ் பயிற்சி: மார்க் ஏறிச்சு, நோயாளிக்கு என்ன ஆச்சு?

இங்கிலாந்தில் ஒரு ஐசியு-வில் இருக்கும் நர்ஸ்களில் குறைந்தது 50% பேராவது தீவிர சிகிச்சையில் தனிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பது தரவிதி. நல்ல விதிதான். ஆனால் ஒரு நர்ஸ் வகுப்புக்குப் போனால் அன்றைக்கு அவருடைய ஷிஃப்டை வேறொருவர் பார்க்கணும். அதனால், பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்டே ஆகணும்.

பல ஆய்வுகள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு தேர்வு வைக்கின்றன. மார்க் ஏறியிருக்கும். ஏறாமல் எங்கே போகும், அதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்! அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நாலு படி சொல்லிவிட்டார்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, விளைவு மாறியதா. தேர்வு மார்க் இரண்டாவது படி. நோயாளி நிற்பது நாலாவதில்.

நாலாவது படிக்குப் போனாலும் ஒரு சிக்கல் உண்டு. 2009-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'மேச்சிங் மிச்சிகன்' திட்டம், பெரிய ரத்தக்குழாயில் போடும் கதீட்டர் வழியாக வரும் தொற்றைக் குறைக்க ஐசியு ஊழியர்களைப் பழக்கியது. 1000 கதீட்டர் நாளுக்கு 3.7 ஆக இருந்த தொற்று 1.48 ஆனது. அபாரம், இல்லையா? ஆனால் ஐசியு-க்கள் அணி அணியாகச் சேர்ந்ததால் ஒரு விஷயம் தெரிந்தது: இன்னும் சேராத அணிகளிலும் தொற்று குறைந்துகொண்டுதான் இருந்தது. ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் மொத்தப் பெருமையும் திட்டத்துக்கே போயிருக்கும்.

இரண்டையும் ஒழுங்காகச் செய்தது பிரிட்டனின் 'பாப்பி' ஆய்வு (ஜாமா இதழ், 2019). ஐசியு-வில் இருந்து மீண்ட பலரை மாதக்கணக்கில் கெட்ட கனவும் பயமும் துரத்தும். அதைத் தடுக்க நர்ஸ்களுக்கு மனநல ஆதரவு தரும் பயிற்சி கொடுத்தார்கள். மன அழுத்தம் அதிகமுள்ள நோயாளியுடன் அவர்கள் மூன்று முறை உட்கார்ந்து பேசணும். மொத்தம் 24 ஐசியு, 1458 நோயாளிகள். எந்த ஐசியு-வுக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்ற ஐசியு, பெறாத ஐசியு இரண்டிலும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நர்ஸ்கள் சரியாகக் கற்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. மென்பொருளில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஆனால் வாடிக்கையாளர் கேட்ட பிரச்சினை தீராது; அந்த மாதிரி. ஐசியு படுக்கையில் இருப்பவரிடம் அந்தப் பேச்சு எவ்வளவு தங்கும்? என் ஊகம், நேரம்தான் தப்பு. வீட்டுக்குப் போன பிறகு அதே நர்ஸ் பேசினால் வேறு மாதிரி வரலாம். அதையும் குலுக்கல் போட்டுத்தான் பார்க்கணும்.