சரிவில் நின்ற வண்டி, சூடான மருந்து

சுவிஸ் மலையடிவாரத்தில் அக்கா குடும்பத்தோடு மோட்டர்ஹோமில் தங்கினோம். காலையில் குளிர்சாதனப் பெட்டி குளிரவில்லை. உள்ளே அம்மாவின் இன்சுலின். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும்.

காரணம் பழுதல்ல, சரிவு. இத்தகைய வாகனங்கள் பலவற்றின் குளிர்சாதனப் பெட்டியில் கம்பிரசர் இல்லை. அமோனியாக் கரைசல் வெப்பத்தாலும் புவியீர்ப்பாலும் சுற்றுகிறது. வாகனம் அதிகம் சாய்ந்தால் அந்தச் சுற்றுத் தடைப்படும்.

வாகனத்தின் உள்தரையில் நீர்மட்டத்தை வைத்து, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சில்லுகளைச் சரிவுக்கட்டைகளில் மெதுவாக ஏற்றுங்கள். குமிழி நடுவுக்கு வந்ததும் கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குத் தடைக்கட்டை கொடுங்கள். சாதாரண மூலைக் கால்கள் ஆட்டத்தைக் குறைக்க மட்டுமே. வாகனத்தைத் தூக்க அல்ல.

அன்று மருந்தகம் தேடி அலைந்தோம். அடுத்த இரவு, குமிழியைப் பார்த்த பிறகே அம்மா புதிய மருந்தை உள்ளே வைத்தார்.