கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

பழைய சாமான் கடையில் ரசீதுக் கட்டின் மேல் பாரமாக ஒரு பீங்கான் குமிழ் கிடக்கும். தந்திக் கம்பத்திலிருந்து கழன்று வந்த இன்சுலேட்டர். அதில் 'ஜி.பி.ஓ.' என்ற எழுத்து இருந்துவிட்டால் போதும், "வெள்ளைக்காரன் காலத்து சரக்கு சார், லண்டன்ல செஞ்சது" என்று கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். முதல் பாதி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்றெழுத்து, வாங்கிய பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பெயர். செய்தவர் பெயர் அல்ல. புல்லர்ஸ், டெய்லர் டன்னிக்ளிஃப் என்று ஸ்டாஃபர்ட்ஷயர் சூளைக்காரர்கள் பலர் இந்த வேலையில் இருந்தார்கள்.

வடிவத்தையும் நம்ப முடியாது. கிண்ணத்துக்குள் கிண்ணமாக இருக்கும் அமைப்பு லாட்டிமர் கிளார்க் என்பவர் 1856இல் கொண்டுவந்தது. மழையில் வெளிக்கிண்ணம் நனைந்தாலும் உள்கிண்ணம் காய்ந்திருக்கும், மின்சாரம் கசியாது. நல்ல யோசனை என்பதால் ஊர் ஊராகக் காப்பியடித்துவிட்டார்கள்.

ஆகவே கவிழ்த்து, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பீங்கானை இரும்புத் தண்டோடு சிமென்ட் வைத்தே ஒட்டினார்கள். பீங்கான் உடைந்தால் தண்டும் போச்சு. 1877இல் கார்டோ என்ற ஆங்கிலேயர் உள்ளே மரை போட்டு, திருகிக் கழற்றும்படி செய்தார். விரலில் அந்த மரை தட்டுப்பட்டால் உங்கள் பிரிட்டிஷ் குமிழ் அதற்கு முந்தையதாக இருக்காது. பழுப்பு நார் ஒட்டியிருக்கிறதா? ஜெர்மன் பக்கம் தேடலாம். அங்கே தண்டில் சணல் நாரைச் சுற்றித்தான் திருகினார்கள்.

அடுத்தது, மெருகு ஏறாத விளிம்பு. சூளையில் குமிழ் உட்கார்ந்திருந்த இடம் பெரும்பாலும் அதுதான். அங்கே ஒரு சொட்டு மை விடுங்கள். துடைத்தால் போய்விட்டால் நன்றாக வெந்த பீங்கான். உறிஞ்சிக்கொண்டால் மட்டமான மண், அல்லது அரைவேக்காடு. இது ஊரைச் சொல்லாது, சூளையின் தரத்தைச் சொல்லும். (கடைக்காரர் பார்க்காதபோது செய்வது உத்தமம்.)

அபூர்வமாக ஒரு குமிழில் எழுத்துக்குப் பதில் ஆர்க்கிட் பூ இருக்கும். அது ஜப்பானின் அரிதா ஊர். அங்கே பரம்பரைப் பீங்கான்காரரான ஃபுககாவா எய்ஸாயெமோன், 1870 வாக்கில் தந்திக் கம்பிக்கு இன்சுலேட்டர் செய்து பார்த்தார். 1875இல் அவர் தலைமையில் கோரன்ஷா நிறுவனம் பிறந்தது. அந்த நிறுவனத்தின் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தாலும் அதே பூதான்.