பி.எஃப். பணத்தில் வாடகை வீடு வாங்கலாமா? ஒரு மதுரைக் கணக்கு

"பி.எஃப்-ல பணம் சும்மாதானே கிடக்கு? எடுத்து ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டை வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வரும்ல?" பல வீடுகளில் கேட்கும் யோசனை இது. சரிதானா?

பி.எஃப். கணக்கே வீடு வாங்குமா?

வாங்காது. அமெரிக்காவில் 1974-ல் வந்த ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்குகளில் ஒரு வகையில், கணக்கின் பெயரிலேயே வீடு வாங்கலாம்; வாடகையும் அதற்குள்ளேயே சேரும். இங்கே பணத்தை வெளியே எடுத்துத்தான் வாங்க முடியும்.

எவ்வளவு எடுக்கலாம்?

வீட்டுக்கு 5 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், 36 மாதச் சம்பளம் வரை எடுக்கலாம் என்பது பழைய விதி. 12 மாதம் போதும், ஆனால் 25% கணக்கிலேயே இருக்க வேண்டும் என 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. என்.பி.எஸ்-ல் உங்கள் பங்களிப்பில் 25% மட்டுமே. பூர்வீக வீடு தவிர வேறு சொந்த வீடு இருந்தால் அதுவும் கிடைக்காது.

லாபமா, நஷ்டமா?

2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25%. இதே வட்டி நீடித்தால் 10 லட்சம் 20 ஆண்டில் சுமார் 48.8 லட்சம் ஆகும். அது "சும்மா" கிடக்கவில்லை!

வீட்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு, விலை 40 லட்சம், வாடகை 10,000 ரூபாய் என்றால் ஆண்டு வருமானம் 3%தான். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 3.6 லட்சம் முதலிலேயே போய்விடும். வீட்டு வரி, பெயின்ட், ஆள் இல்லாத மாதங்கள் தனி. வீட்டின் விலை ஆண்டுக்கு 5%-க்கு மேல் ஏறினால்தான் பி.எஃப்-ஐ எட்டிப் பிடிக்கும்.

ஒத்திக்கு விட்டால்?

மொத்தமாகக் கை நிறையப் பணம் வரும். ஆனால் அது வருமானம் இல்லை, கடன். ஆள் காலி செய்யும்போது முழுசாகத் திருப்பித் தர வேண்டும்.

கவனிக்க வேண்டியது

பி.எஃப். பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

குடியிருக்க முதல் வீடு என்றால் பி.எஃப்-ஐத் தொடுவதில் நியாயம் இருக்கிறது. வாடகைக்காக மட்டும் என்றால், பத்திரம் போடும் முன் அந்த ஏரியா வாடகையை நேரில் விசாரித்து, இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.