மூன்று வருட அறையும் நான்கு வாரக் கட்டிலும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் வாயைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டிய தொழில்கள் இரண்டு: ஒன்று போலீஸ், இன்னொன்று வக்கீல். வங்கிக் கடன் கேட்டுப் போனாலும் இந்த இருவரிடம்தான் மேலாளர் கொஞ்சம் தயங்குவார். வக்கீலாவதற்குப் படித்துக்கொண்டிருப்பவர் மேலும் அந்தச் சந்தேகத்தில் பாதி விழுந்துவிடும். "என்ன படிக்கிறீங்க தம்பி?" "லா படிக்கிறேங்க ஆன்ட்டி." "அப்படியா... எதுக்கும் சார் வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்." அந்த சார் வருவதே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அன்றுக்கும் இன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

1891-ல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடம். 1974-ல் மதுரையில் ஒன்று வரும்வரை தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரி என்றால் அது ஒன்றுதான். நாகர்கோவில்காரரானாலும் தருமபுரிக்காரரானாலும் பி.எல். படிக்க ரயிலேறி மெட்ராஸுக்கு வந்தாக வேண்டும். பவானி பக்கத்துக் கிராமத்திலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்து, 1973-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவின் தலைமை நீதிபதியான ப.சதாசிவமும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தான்.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். சிலருக்குச் சொந்தச் சாதிச் சங்கம் நடத்திய விடுதி. ஊர் எம்.எல்.ஏ.வைத் தெரிந்தவர்களுக்கு அவர் பெயரிலிருந்த விடுதி அறையின் ஓரம். மிச்சப் பேருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன். இரண்டு பேருக்கான அறையில் மூன்று கட்டில், தாழ்வாரக் கோடியில் பொதுக் குளியலறை, தெருமுனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து சாப்பிடும் மெஸ். பிரம்மச்சாரி என்றால் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய ஊரில், பிரம்மச்சாரிகளுக்கு மட்டுமே என்று கட்டப்பட்டவை இந்த மேன்ஷன்கள்.

அந்த இடத்தேர்வில் ஒரு கணக்கும் இருந்தது. திருவல்லிக்கேணியின் தெற்கே மயிலாப்பூர், பெரிய சீனியர்களின் வீடும் அலுவலகமும் அங்கே. வடக்கே கடற்கரைச் சாலை வழியாக உயர் நீதிமன்றம். படிக்கும்போது வடக்கே போன அதே ஆள், பட்டம் வாங்கிய பிறகு காலையில் தெற்கே போய் சீனியரின் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி வடக்கே போனார். சீனியரிடம் ஓராண்டு பயிற்சி இருந்தால்தான் பதிவு என்ற ஏற்பாடு 1970-களின் தொடக்கம்வரை இருந்தது. மூன்று வருடப் படிப்பு, பயிற்சி, சம்பளமில்லாத ஜூனியர் காலம் என்று எல்லாவற்றையும் ஒரே அறை தாங்கியது.

குறுகிய காலத் தங்கல் என்ற தனிப் பிரச்சினையே அப்போது கிடையாது. ஊரிலிருந்து யாராவது பத்து நாள், ஒரு மாதம் என்று வந்தால் "ரூம்லயே இருந்துக்க" என்பதுதான் பதில். பாயைத் தரையில் விரித்தால் முடிந்தது. மேனேஜருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். ஒவ்வொரு மேன்ஷன் அறையிலும் கணக்கில் வராத ஒருவர் இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

மேற்படிப்பு? பி.எல்.லுக்குப் பிறகு எம்.எல். என்று ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியும், சிலரே சேர்ந்தார்கள். சட்டக் கல்லூரி விரிவுரையாளர் ஆக நினைத்தவர்கள், அரசியல் சட்டத்தில் உண்மையாகவே ஆர்வம் கொண்டவர்கள், அப்புறம் விடுதி அறையைக் காலி செய்ய மனமில்லாதவர்கள். மூன்றாவது வகையைக் குறைத்து எடைபோட வேண்டாம், அதிலிருந்தும் நல்ல வக்கீல்கள் வந்திருக்கிறார்கள். அன்றைய மாணவரைத் தூங்கவிடாத கேள்வி எந்தப் பட்டம் என்பதல்ல, எந்த சீனியர் என்பதுதான்.

இப்போது கேள்விகள் பெருகிவிட்டன. 1980-களின் இறுதியில் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி ஐந்தாண்டுப் படிப்பைப் பிரபலமாக்கியது. 1997-ல் சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வந்தது. 2008-ல் கிளாட் நுழைவுத் தேர்வு வந்தது. பிறகு திருச்சியிலும் ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். மேற்படிப்புக்கும் இப்போது எல்.எல்.எம். என்று மட்டும் சொன்னால் போதாது: வணிகச் சட்டமா, அறிவுசார் சொத்துரிமையா, குற்றவியலா, வரியா? இரண்டு ஆண்டா, ஓராண்டா? கிளாட் எழுதினால் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பொதுத்துறை நிறுவனங்களில் சட்ட அதிகாரி வேலைக்கும் முயலலாமே, வெளிநாட்டுக்கே போய்விட்டால் என்ன?

ஓராண்டு எல்.எல்.எம்.முக்கு யு.ஜி.சி. 2013-ல் வழிவிட்டது. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் அதை ஒழிப்பதாக விதி வெளியிட்டது, வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தின் மதிப்பையும் கேள்விக்குள்ளாக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கல்வியாண்டில் நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று கவுன்சில் சொன்ன பிறகுதான் மாணவர்கள் மூச்சுவிட்டார்கள். 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கல்லைப் போட்டது: சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். 1993-ல் விதித்து, 2002-ல் எடுத்து, இப்போது மறுபடி விதித்திருக்கிறார்கள். நீதிபதி கனவோடு இருப்பவர் வகுப்பறையில் செலவிடும் வருடம் அனுபவக் கணக்கில் சேராது. ஆகவே முதலில் பதிவு, பிறகு எல்.எல்.எம். என்று வரிசையை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் என் கண்ணில் படுகிற உண்மை வேறு. பாடத்திட்டத்தையும் பேராசிரியர் பட்டியலையும் விட, வீட்டில் கேட்கப்படும் "எங்கே தங்குவே?" என்ற கேள்விதான் பல குடும்பங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஓராண்டுப் படிப்பின் கவர்ச்சியில் பெரும்பங்கு, இரண்டாம் ஆண்டு வாடகை இல்லை என்பது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் மேல் பெற்றோருக்கு வரும் மரியாதையில் வளாக விடுதிக்கும் பங்கு உண்டு. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. கட்டணத்துக்குக் கல்விக் கடன் கிடைத்தாலும் அட்வான்ஸை அப்பாதான் புரட்ட வேண்டும்.

சென்னையிலேயே படிப்பவருக்கும் நகரம் தள்ளிப் போய்விட்டது. 2008 நவம்பரில் சட்டக் கல்லூரியில் நடந்த மோதலை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் இடமாற்றத்தைப் பரிந்துரைத்தது. மாணவர்களின் எதிர்ப்புக்கு நடுவே 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. ஒன்று கேளம்பாக்கத்துக்கு அருகே, மற்றொன்று திருவள்ளூரையும் தாண்டி. காலையில் சீனியர் அலுவலகம், பிறகு வகுப்பு என்ற பழைய நடை அதோடு முடிந்தது. புதுப்பாக்கம் பக்கத்தில் அறை வாடகையை நிர்ணயிப்பது மென்பொருள் சம்பளம், அதோடு சட்ட மாணவர் போட்டியிட வேண்டும்.

பெரிய திருகல் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டு மாணவர் மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எனவே டெல்லியில் ஒரு மாதம், மும்பையில் ஒரு மாதம், 2004-ல் வந்த உயர் நீதிமன்றக் கிளைக்காக மதுரையில் ஒரு மாதம் என்று மாணவர்கள் பெட்டியோடு அலைகிறார்கள். பெரும்பாலும் ஊதியமும் கிடையாது.

நான்கு வாரத்துக்கு வீடு எங்கே கிடைக்கும்? வீட்டுக்காரர் 11 மாத ஒப்பந்தம் என்கிறார், காரணம் ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவுச் சட்டம் போடும் கட்டாயம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எவ்வளவு குறுகிய காலமானாலும் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்றும் சொல்கிறது. அந்த "வேறு உடன்பாடு" என்ற வாசலில்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் சௌகரியமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. விடுதிக்குப் போனால் ஜி.எஸ்.டி. குறுக்கே நிற்கிறது. விடுதி அறையும் குடியிருப்புதான், வரி விலக்கு உண்டு என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த அறிவிப்பு, மாதம் 20,000 ரூபாய்வரையிலான தங்குமிடத்துக்கு விலக்கு தந்தது, ஆனால் தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு சட்டம் 28 நாளுக்கு மேல் கூடாது என்கிறது, இன்னொன்று 90 நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. சின்ன விடுதிகள் வரி வரம்புக்குள்ளேயே வராததால் இந்த முரண் பளபளப்பான கோ-லிவிங் அறைகளில்தான் பில்லாக நீட்டப்படும் என்பது ஓர் ஆறுதல்.

நடைமுறையில் மேன்ஷன் பாயின் வேலையை இன்று வாட்ஸ்அப் பார்க்கிறது. டெல்லியில் ஜங்புரா, லாஜ்பத் நகர், நிஜாமுதீன் பக்கத்து பி.ஜி. அறைகள் சீனியர் மாணவரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறுகின்றன. ஜூன் 1 முதல் 28 வரை, ஒரு கட்டில், சாப்பாட்டோடு. உச்ச நீதிமன்றம் என்றே மெட்ரோ நிலையம் இருப்பதால் போக்குவரத்துக் கவலை குறைவு. குத்தகைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், ரசீதுகூட இல்லாமல் முன்பின் தெரியாதவருக்கு ஜிபேயில் டோக்கன் அட்வான்ஸ் அனுப்புவதையும் பார்க்கலாம். வீடியோ காலில் அறையையும் குழாயில் வரும் தண்ணீரையும் பார்க்காமல் அனுப்ப வேண்டாம் என்பது ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்ததற்குச் சொல்லும் அறிவுரை.

மேன்ஷன் நாட்களை ஏக்கத்தோடு பேசுகிற பெரியவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றும்: அந்த நாட்கள் ஆண்களுடையவை. மேன்ஷன் படியில் ஒரு பெண் ஏற முடியாது. அன்று சட்டம் படித்த பெண்ணுக்கு நகரத்தில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கைப் படிவமே வீட்டுக்கு வராது. இன்று சீர்காழியிலிருந்து ஒரு பெண் தனியாக டெல்லிக்குப் போய் நான்கு வாரம் தங்கி உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு வருகிறாள். மகளிர் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்தது. இரவு வாசல் பூட்டும் நேரம் மட்டும் சீனியர் அலுவலகத்தின் நேரத்தோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. மனுத் தயாரிப்பு எட்டரை மணிக்குச் சூடுபிடிக்கும்போது விடுதி வார்டனின் போன் வரும். ஆண் ஜூனியர் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒழுங்காகக் கொடுக்கப்பட்டால் வாடகைக்குப் பயந்து எல்.எல்.எம்.மில் ஒதுங்குகிறவர்கள் குறைவார்கள். படிக்கும் மாணவருக்கு அதில் பங்கில்லை.

அவருக்கு உதவக்கூடிய இடம் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கிறது. கோடை விடுமுறையில் சட்டக் கல்லூரி விடுதிகள் காலியாகின்றன, இன்டர்ன்கள் ஊர் ஊராகக் கட்டில் தேடுவதும் அப்போதுதான். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்கும் விடுமுறை என்பதால் சென்னைக்கு வருகிறவர் கூட்டம் ஜூனுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். திருச்சி மாணவருக்குச் சென்னை விடுதியில் நான்கு வாரம், சென்னை மாணவருக்கு மதுரையில் நான்கு வாரம் என்று கல்லூரிகள் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கை எழுதிக்கொண்டால் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். அதன் வாசகத்தை எழுதித் தரும் வேலையை இறுதியாண்டு மாணவர்களிடமே கொடுக்கலாம். வரைவு எழுதும் பயிற்சி அவர்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.