பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைத் தேடுதல்

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரந்துள்ள உவர்நீர்க் காயல் ஆகும். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. இங்கு வரும் பெரும் பூநாரைகள் எங்கே இரைதேடும் என்பது பெரும்பாலும் நீரின் ஆழத்தைப் பொறுத்தது.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டிச் சிறு இறால் வகைகளையும் பாசிகளையும் உண்ணும். எனவே கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழமற்ற நீரையே நாடும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும். பின்னர் நீர் வற்ற வற்ற, சேற்றுத் திட்டுகள் தெரியும். இரைதேடும் இடமும் மாறும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் வரத்துக் குறைந்து, இந்தக் கணக்கும் தப்பிவிடும்.

இரைதேடும்போது பூநாரை நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். நீர் வடிந்தபின் அங்கே வட்டமான பள்ளங்கள் காணப்படும். தேடுவோருக்கு இதுவே நல்ல தடயம். அண்ணாமலைச்சேரி போன்ற ஊர்களின் மீனவர்களிடம் கேட்பது அதைவிட எளிது. கழி ஊன்றிப் படகு தள்ளுவோருக்கு ஆழம் கைப்பழக்கம்.

வட அமெரிக்காவில் காட்டு வான்கோழியை இலையுதிர் காலத்திலும் இளவேனிலிலும் தடம் பார்ப்பது வேட்டைக்காக. இங்கோ 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை, தேடுவது எண்ணுவதற்கே. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரி மாதங்களில் நடைபெறுகிறது. சென்ற ஆண்டு நின்ற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பறவைகள் குறைந்துவிட்டன என்று எழுதினால், இடம் மாறிய கூட்டம் அழிந்த கூட்டமாகப் பதிவாகிவிடும். படகில் மிக அருகே சென்றாலும் கூட்டம் எழுந்து பறந்து, வேறிடத்தில் மறுபடியும் எண்ணப்படக்கூடும்.