படத்தின் பின்னால் வரும் ஒலி: தொலைக்காட்சியும் ஹெட்போனும்

இன்றைய தொலைக்காட்சியில் படத்தைப் போலவே ஒலியும் எண்களாகவே வந்து சேர்கிறது. ஒலிப்பதிவின்போது குரலின் ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் நொடிக்கு 48,000 முறை அளந்தெடுக்கப்பட்டு, அந்த அளவுகளே எண்களின் வரிசையாக அனுப்பப்படுகின்றன. ஆனால் செவி எண்களை அறியாது. காற்றின் அதிர்வை மட்டுமே அறியும். ஆகவே அந்த எண்கள் எங்கேனும் ஓரிடத்தில் மீண்டும் மின்னலையாக மாறி, ஒரு மெல்லிய சவ்வை அதிரச் செய்தாக வேண்டும். இந்த மாற்றம் தொலைக்காட்சிக்குள் நிகழ்கிறதா, இடையில் வைக்கும் சிறு பெட்டியில் நிகழ்கிறதா, ஹெட்போனுக்குள்ளேயே நிகழ்கிறதா என்பதைப் பொறுத்தே இணைக்கும் முறையும் அதன் குறைநிறைகளும் அமைகின்றன.

சொல் ஏன் விளங்குவதில்லை?

ஹெட்போனின் தேவையை உணர்த்துவது முதுமை. வயது ஏற ஏற, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளும், வல்லின மெய்கள் வெடித்துப் பிறக்கும் கணத்தின் நுண்ணொலியும் அவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், முதியவர்களுக்குக் குரல் கேட்டும் சொல் விளங்காமல் போகிறது. மெலிந்த தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பொருத்தப்படுவதால், சுவரிலும் தரையிலும் மோதிச் சிதறிய ஒலியே பெரிதும் செவியை எட்டுகிறது. ஒலியளவைக் கூட்டினால் அந்தச் சிதறலும் சேர்ந்தே கூடுகிறது. ஹெட்போன், அறையின் எதிரொலியையும் சுற்றுச் சத்தத்தையும் விலக்கி, பேச்சை நேராகச் செவியருகே கொண்டு சேர்க்கிறது.

கம்பியும் ஒளியும்

மிக எளிய வழி 3.5 மில்லிமீட்டர் ஜாக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட 6.35 மில்லிமீட்டர் செருகியின் சிறிய வாரிசான இது, 1979இல் வெளிவந்த சோனி வாக்மேனுக்குப் பின் உலகெங்கும் பழகிப்போனது. செருகியின் நுனி இடச்செவிக்கும், நடு வளையம் வலச்செவிக்கும் உரிய மின்னலையைக் கடத்த, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்புபாதையாக நிற்கிறது. எண்கள் தொலைக்காட்சிக்குள்ளேயே அலையாகிவிடுவதால், கம்பியில் குறிப்பிடத்தக்க தாமதமே இல்லை. ஆனால் புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இந்த ஜாக் கைவிடப்பட்டுள்ளது. அதே அளவுள்ள துளை இருந்தாலும், அது வெளிக்கருவியின் படத்தையும் ஒலியையும் உள்ளே வாங்கும் ஏ.வி. உள்ளீடாக இருக்கக்கூடும் என்பதால், அருகில் அச்சிட்டுள்ள குறியைப் பார்த்த பிறகே செருக வேண்டும்.

ஜாக் இல்லாத தொலைக்காட்சிகள் பலவற்றில் ‘ஆப்டிகல்’ எனக் குறித்த சிறு சதுரத் துளை இருக்கிறது. 1983இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய இம்முறையில், எண்கள் சிவப்பு ஒளியின் துடிப்புகளாக மாறி, நெகிழி இழை வழியே செல்கின்றன. இழையின் மறுமுனையில், எண்களை அலையாக்கும் டி.ஏ.சி. என்னும் மாற்றிப்பெட்டி தேவைப்படுகிறது. ஹெட்போன் அதில்தான் இணைகிறது. பலரும் தடுமாறும் இடமும் இதுவே. தொலைக்காட்சி ‘டால்பி’ போன்ற சுருக்கப்பட்ட வடிவில் ஒலியை அனுப்பினால், அதை விரிக்கத் தெரியாத எளிய மாற்றிப்பெட்டி மௌனமாகவோ இரைச்சலுடனோ நின்றுவிடும். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்பதை, அதாவது சுருக்கப்படாத எண்வரிசையை, தேர்ந்தெடுத்தால் பெட்டி பேசத் தொடங்கும். ஆப்டிகல் வழியாக வரும் ஒலியளவை ரிமோட்டால் மாற்ற முடியாத தொலைக்காட்சிகளும் உண்டு என்பதால், ஒலியளவுத் திருகி உள்ள பெட்டியே ஏற்றது.

புளூடூத்தின் தாமதம்

கம்பியற்ற வழியான புளூடூத், 1990களில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் கருக்கொண்டு, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயரைத் தாங்கி வந்தது. மூல வடிவ புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலுள்ள 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செய்தியை அனுப்புவதால், வைஃபையின் இடையூறுக்கு நடுவிலும் இணைப்பு பெரிதும் அறுவதில்லை. இங்கே எண்கள் அலையாவது ஹெட்போனுக்குள்தான். அதற்கு முன் தொலைக்காட்சி ஒலியைச் சுருக்கிப் பொட்டலங்களாக அனுப்ப, ஹெட்போன் சிலவற்றைச் சேமித்துவைத்து விரித்த பின்பே ஒலிக்கிறது. இப்படிக் கழியும் நேரம் பெரும்பாலும் 100 முதல் 300 மில்லிநொடி வரை நீள்கிறது. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தச் சிறு பிசகைக்கூடக் கண்ணும் செவியும் சேர்ந்து கண்டுபிடித்துவிடும். ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிநொடியிலும், பிந்தினால் சுமார் 125 மில்லிநொடியிலும் மனிதர் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை வரையறுக்கிறது. இரண்டு அளவுகளும் வேறுபடுவது இயற்கைப் பழக்கத்தோடு பொருந்தி வருகிறது: பத்து மீட்டர் தொலைவில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்கு உடனே தெரிந்தாலும், ஓசை ஏறத்தாழ 29 மில்லிநொடி கழித்தே வருகிறது, ஓசை முந்தி வருவதோ இயற்கையில் இல்லை.

இதற்குத் தீர்வுகள் உண்டு. சில தொலைக்காட்சிகள் ஒலியின் தாமதத்துக்கு ஈடாகப் படத்தையும் நிறுத்தி வெளியிட்டு, உதட்டையும் சொல்லையும் ஒன்றுசேர்க்கின்றன. திரைப்படத்துக்கு இது போதும். விரல் அழுத்தியவுடன் திரை அசைய வேண்டிய வீடியோ விளையாட்டுக்குப் பொருந்தாது. தாமதம் குறைந்த ‘கோடெக்’, அதாவது சுருக்கி விரிக்கும் முறை, இன்னொரு வழி. ‘ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி’ தாமதத்தை 40 மில்லிநொடி அளவுக்கு இறக்கிவிடும். ஆனால் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அதே முறையை அறிந்திருந்தால்தான் பயன். ஒன்று அறியாவிட்டாலும் இணைப்பு பழைய முறைக்குத் திரும்பிவிடும்.

செவியருகே வரும் ஒலிக்கு அளவும் வேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபலானால் 4 மணி நேரம் மட்டுமே கேட்கலாம் என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. சொல் விளங்கும் அளவோடு நிறுத்துவதே நலம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை எஞ்சுகிறது. ஹெட்போனை இணைத்ததும் பல தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடுகிறது. ஒருவர் கேட்டால் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. 2022இல் பெயரிடப்பட்ட ‘ஆராகாஸ்ட்’ என்னும் புதிய புளூடூத் முறை இதைத் தீர்க்க முனைகிறது. வானொலியைப் போல ஒரே ஒலியைப் பொதுவாக வெளியிடும் இம்முறையில், அதற்கு இசைவான ஹெட்போன்களும் செவித்திறன் கருவிகளும் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றும் தனக்கேற்ற ஒலியளவில் அதைப் பெறலாம். தெளிவாகக் கேட்பதற்காகத் தனியறைக்கு ஒதுங்காமல், வீட்டார் நடுவில் அமர்ந்து, அவர்கள் சிரிக்கும் அதே இடத்தில் ஒரு முதியவரும் சிரிக்க முடிவதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பயன்.